ஒரு ஊரில் குற்றம் அதிகம், பக்கத்து ஊரில் குறைவு: ஏன்? அடிக்கடி வரும் கேள்விகள்

வருடத்துக்கு ஒரு தடவையாவது "உலகின் ஆபத்தான நகரங்கள்" என்று ஒரு பட்டியல் சுற்றும். பட்டியலில் இருக்கும் ஊர்க்காரர்கள் கொதிப்பார்கள், இல்லாத ஊர்க்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள், அப்புறம் யாராவது ஒருவர் வந்து "அந்த ஊர் ஆட்களே அப்படித்தான்" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விடுவார். எனக்கு எரிச்சல் அந்தத் தீர்ப்பின் மேல்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில், குற்ற விகிதம் என்றால் என்ன?

ஒரு வருடத்தில் பதிவான குற்றங்களை அந்த ஊரின் மக்கள்தொகையால் வகுத்து ஒரு லட்சத்தால் பெருக்கினால் கிடைப்பது. அவ்வளவுதான். மேலே ஒரு எண், கீழே ஒரு எண். இரண்டில் எது கோணலாக இருந்தாலும் விடை கோணலாகத்தான் வரும்.

கீழே இருப்பது மக்கள்தொகைதானே, அதில் என்ன கோளாறு வரப்போகிறது?

வாடிகனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குடியிருப்பவர்கள் ஆயிரம் பேர் கூட இல்லை. வந்து போகிறவர்களோ வருடத்துக்குப் பல லட்சம். கூட்டத்தில் பர்ஸ் அடிப்பவர்களும் வருகிறார்கள், பர்ஸைப் பறிகொடுப்பவர்களும் வருகிறார்கள், இருவருமே அந்த ஊர்க்காரர்கள் இல்லை. ஆனால் நடந்த திருட்டை வகுப்பது அந்தச் சில நூறு பேரால். தலைக்கு ஒரு குற்றத்துக்கு மேல் என்று கணக்கு வந்து நிற்கும். போப்பாண்டவரின் ஊர் உலகிலேயே குற்றம் மலிந்த இடம் என்ற செய்தி அடிக்கடி வருவதன் ரகசியம் இதுதான். லண்டனின் நடுவில் இருக்கும் 'சிட்டி ஆஃப் லண்டன்' என்ற வட்டாரத்திலும் இதே கதை: இரவில் தூங்குகிறவர்கள் பத்தாயிரத்தை ஒட்டி, பகலில் வேலைக்கு வருகிறவர்கள் அஞ்சு லட்சத்துக்கும் மேல்.

எல்லைக்கோடு இன்னொரு தலைவலி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம் கொலைப் பட்டியலில் பல வருடம் உச்சியில் இருந்தது. அந்த நகரம் 1876இல் தன்னைச் சுற்றியிருந்த கவுன்டியிலிருந்து (நம் மாவட்டம் மாதிரி) பிரிந்துகொண்டது, அன்று போட்ட எல்லை இன்றும் அப்படியே இருக்கிறது. சுற்றுப்பகுதி எல்லாம் சேர்த்தால் 28 லட்சம் பேர் வாழும் பெருநகரத்தில், 'நகரம்' என்ற பெயரில் கணக்குக்கு வருவது சுமார் 3 லட்சம் பேர் இருக்கும் நடுப்பகுதி மட்டும். வேறு நகரங்கள் அமைதியான புறநகர்களையும் தங்கள் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டு சராசரியை இறக்கிக்கொள்கின்றன. செயின்ட் லூயிஸில் வன்முறை இல்லை என்று நான் சொல்லவில்லை, நிறையவே இருக்கிறது. ஆனால் இடத்துக்கு இடம் வேறு வேறு மாதிரி கோடு போட்டுவிட்டு யார் முதலிடம் என்று கேட்பதில் அர்த்தம் இல்லை.

சின்ன ஊர்களை விட்டுவிடக்கூடாது. 5,000 பேர் வாழும் ஊரில் பத்து வருடத்துக்கு ஒரு கொலை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வருடம் விகிதம் பூஜ்யம், பத்தாவது வருடம் லட்சத்துக்கு 20. அந்த ஒரு வருடத்து எண்ணை வைத்து ஊரையே கொலைகார ஊர் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, மேலே இருக்கும் எண்? போலீஸ் கணக்கு பொய்யா?

பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நடந்த குற்றங்களின் கணக்கு அல்ல, காகிதத்தில் ஏறிய குற்றங்களின் கணக்கு. இடையில் பல வாசல்கள் இருக்கின்றன. பாதிக்கப்பட்டவர் இது குற்றம் என்று உணர வேண்டும், புகார் கொடுக்கத் துணிய வேண்டும், கொடுத்தால் பலன் உண்டு என்று நம்ப வேண்டும், போலீஸ் அதை வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கியதைச் சரியான தலைப்பில் பதிய வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் உதிர்ந்துபோகும். எவ்வளவு உதிரும் என்பதுதான் ஊருக்கு ஊர் மாறும்.

பெல்ஜியத்துக் கணிதவியலாளர் அடால்ஃப் கெட்டலே 1830களிலேயே இதைச் சுட்டிக்காட்டினார்: நமக்குத் தெரிந்த குற்றங்களுக்கும் உண்மையில் நடந்த குற்றங்களுக்கும் உள்ள விகிதம் மாறாமல் இருந்தால்தான் ஒப்பீடு செல்லும். அது மாறாமல் இருந்ததே இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலீஸைத் தணிக்கை செய்யும் அரசு அமைப்பு 2014இல் ஆராய்ந்து பார்த்தது. போலீஸிடம் வந்து சேர்ந்த குற்றங்களிலேயே சுமார் 19 சதவீதம், அதாவது வருடத்துக்கு 8 லட்சத்துக்கும் மேல், பதிவாகவே இல்லை என்று தெரிந்தது. இத்தனைக்கும் இவை மக்கள் தாங்களாக வந்து சொன்னவை. சொல்லாமல் விட்டவை தனி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நேர்மையாகப் பதிகிற ஊர், பெண்கள் பயமில்லாமல் படியேறிப் புகார் கொடுக்கிற ஊர், வீட்டிலிருந்தே இணையத்தில் புகார் பதிய வழி செய்து கொடுத்த ஊர், இவற்றில் எல்லாம் எண் ஏறும். புகார்க்காரரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஊரில் எண் இறங்கும், அதிகாரி பாராட்டும் வாங்குவார். அதனால்தான் புகார் எண்ணிக்கையை வைத்து மட்டும் ஒரு காவல்துறையை மதிப்பிடுவது அபத்தம் என்கிறேன்.

இந்த ஓட்டையை அடைக்க வேறொரு வழி உண்டு. போலீஸை விட்டுவிட்டு நேராக மக்களிடமே போய் "கடந்த வருடம் உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்ததா?" என்று கேட்பது. அமெரிக்கா 1970களின் தொடக்கத்திலிருந்தும் பிரிட்டன் 1982இலிருந்தும் இப்படிப் பெரிய கணக்கெடுப்புகளை நடத்தி வருகின்றன. அமெரிக்கக் கணக்கெடுப்பில் வருடா வருடம் தெரிவது, வன்முறைக் குற்றங்களில் ஏறத்தாழ பாதியோ அதற்கும் மேலோ போலீஸ் வரை போவதே இல்லை.

ஸ்வீடன் பாலியல் வன்முறையில் ஐரோப்பாவிலேயே மோசம் என்கிறார்களே?

பதிவு எண்ணை அப்படியே பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் அங்கே எண்ணும் முறை வேறு. ஒரு பெண் தன் கணவர் ஒரு வருடமாக வாரா வாரம் வன்புணர்ந்தார் என்று புகார் கொடுத்தால் ஸ்வீடனில் அது ஐம்பதுக்கு மேற்பட்ட குற்றங்கள், பல நாடுகளில் அது ஒரே ஒரு வழக்கு. புகார் வந்த நாளிலேயே அது எண்ணிக்கையில் ஏறிவிடும், பின்னால் விசாரணையில் அது வேறு குற்றம் என்று தெரிந்தாலும் கழிக்க மாட்டார்கள். சட்டத்தில் வன்புணர்வுக்கான விளக்கத்தை 2005இல் விரிவாக்கினார்கள், 2018இல் சம்மதம் இல்லாவிட்டாலே குற்றம் என்று இன்னும் விரிவாக்கினார்கள். இரண்டு தடவையும் எண் ஏறத்தான் செய்யும். ஸ்வீடனில் எல்லாம் சுபம் என்று இதற்கு அர்த்தம் இல்லை, கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் அங்கே கும்பல்களின் துப்பாக்கிச் சண்டை நிஜமாகவே பெருகியது. ஆனால் அதற்கு ஆதாரமாக இந்த எண்ணைத் தூக்கிக்காட்டக்கூடாது.

அப்படியானால் எந்த எண்ணைத்தான் நம்புவது?

கொலை. பிணத்தை மறைப்பது கஷ்டம், ஆஸ்பத்திரி கணக்கும் இறப்புப் பதிவும் போலீஸ் கணக்கைச் சரிபார்க்கக் கிடைக்கும், கொலை என்றால் என்ன என்பதில் நாட்டுக்கு நாடு பெரிய சண்டை இல்லை. ஐ.நா.வின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுவதும் சுமார் 4,58,000 பேர் கொல்லப்பட்டார்கள், லட்சத்துக்கு 5.8 பேர். அமெரிக்கக் கண்டங்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 15. ஜப்பானில் ஒன்றில் கால் பங்குதான். இந்த அளவு இடைவெளியைப் பதிவுக் கோளாறு என்று சொல்லித் தள்ள முடியாது, இது நிஜமான வித்தியாசம்.

ஆனால் கொலைக் கணக்கு கொலையைப் பற்றி மட்டும்தான் சொல்லும். அதை வைத்துத் திருட்டையோ வீட்டுக்குள் நடக்கும் அடி உதையையோ ஊகிக்க முடியாது. ஆம்புலன்ஸ் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதும் அதில் கலந்திருக்கிறது, ஒரே கத்திக்குத்து ஒரு ஊரில் காயமாகவும் இன்னொரு ஊரில் கொலையாகவும் முடியும்.

வறுமைதானே மூல காரணம்?

எல்லாரும் முதலில் சொல்வது இதுதான். இருநூறு வருடமாகச் சொல்கிறார்கள். பிரான்ஸ் 1820களில் உலகிலேயே முதலில் தேசிய அளவில் குற்றப் புள்ளிவிவரம் வெளியிடத் தொடங்கியது. ஆந்த்ரே மிஷேல் கெரி என்ற வக்கீல் அதை மாவட்டவாரியாக வரைபடமாக்கி 1833இல் வெளியிட்டார். ஏழ்மையும் கல்வியின்மையும் இருக்கும் இடத்தில்தான் திருட்டு அதிகம் என்று அன்றைக்குப் பாரிஸில் எல்லாரும் நம்பினார்கள். வரைபடம் வேறு மாதிரி சொன்னது: பணமும் தொழிலும் எழுத்தறிவும் செழித்த வட பகுதியில்தான் சொத்து சம்பந்தப்பட்ட குற்றம் அதிகம், ஆளுக்கு ஆள் அடித்துக்கொள்ளும் குற்றம் தெற்கே அதிகம். திருடத் தகுந்த பொருள் இருக்கும் இடத்தில்தானே திருட்டு நடக்கும்!

இன்றைக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் தலைக்கு வரும் வருமானம் வங்கதேசத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கொலை விகிதம் தென்னாப்பிரிக்காவில் 2022–23இல் லட்சத்துக்கு 45ஐ ஒட்டி, வங்கதேசத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. காலத்தை வைத்துப் பார்த்தாலும் இதே குழப்பம்தான்: 2008இல் பொருளாதாரம் சரிந்து அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்தபோது குற்றம் ஏறும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள், அது இறங்கியது. 1960களில் அங்கே வருமானம் ஏறியபோது குற்றமும் கூடவே ஏறியது.

அப்போ பணத்துக்கும் குற்றத்துக்கும் சம்பந்தமே இல்லையா என்றால் அப்படியும் இல்லை. ஒரே நகரத்துக்குள் பார்த்தால் வன்முறை பெரும்பாலும் ஏழைகள் வாழும் வட்டாரங்களில்தான் குவிகிறது, அடிபடுகிறவர்களும் அவர்கள்தான். நாடுகளை ஒப்பிட்டால் வறுமையை விட ஏற்றத்தாழ்வு கொலையோடு ஒட்டிப் போகிறது. தென்னாப்பிரிக்காதான் வருமான ஏற்றத்தாழ்வில் உலகிலேயே மோசமான நாடுகளில் முதல் வரிசையில் இருப்பது. என் கணிப்பைக் கேட்டால், கையில் காசு இல்லாதது மட்டும் ஒருவனைக் கத்தி எடுக்க வைப்பதில்லை. எதிரே மதில் சுவருக்குப் பின்னால் எல்லாம் இருக்கிறது, சட்டம் அந்தப் பக்கத்துக்கு மட்டும்தான் வேலை செய்கிறது, நமக்கு அநியாயம் நடந்தால் நாமேதான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிலைமை எடுக்க வைக்கிறது.

"அந்த ஊர் ஆட்களே அப்படி", "அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது": இதில் கொஞ்சமாவது உண்மை இருக்குமா?

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. ஆட்கள் மாறி ஊர் அப்படியே இருந்தால் என்ன ஆகிறது? ஊர்க்காரர்கள் அப்படியே இருந்து சூழ்நிலை மாறினால் என்ன ஆகிறது?

முதலாவதுக்கு சிகாகோ. கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே பல பத்தாண்டுகளின் சிறார் நீதிமன்றப் பதிவுகளை வட்டாரவாரியாக அடுக்கிப் பார்த்தார்கள். தொழிற்சாலைகளை ஒட்டிய பழைய வட்டாரங்களில் முதலில் ஜெர்மானியர்களும் ஐரிஷ்காரர்களும் இருந்தார்கள், அவர்கள் கொஞ்சம் சம்பாதித்து வெளியேற போலந்துக்காரர்களும் இத்தாலியர்களும் வந்தார்கள். குடியிருந்தவர்கள் முழுக்க மாறியும் அந்த வட்டாரங்களின் குற்ற விகிதம் உச்சத்திலேயே இருந்தது. வெளியேறிய அதே ஆட்களின் குழந்தைகள் நல்ல வட்டாரத்துக்குப் போனதும் விகிதம் இறங்கியது. ரத்தம் எங்கே போயிற்று?

இரண்டாவதுக்கு ஈக்வடார். 2017இல் அங்கே கொலை விகிதம் லட்சத்துக்கு 6ஐ ஒட்டி இருந்தது, தென் அமெரிக்காவில் அமைதியான நாடுகளில் ஒன்று என்று பெயர். 2023இல் அது 40ஐத் தாண்டிவிட்டது. ஆறே வருடத்தில் ஒரு நாட்டு மக்களின் குணம் மாறிவிடுமா? மாறியது கொகெய்ன் போகும் பாதை. பக்கத்து கொலம்பியாவில் 2016 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு ஃபார்க் கொரில்லாக்கள் ஆயுதத்தைக் கீழே வைக்க, அவர்கள் கையில் இருந்த பாதைகளுக்கு வேறு கும்பல்கள் போட்டி போட்டன. குவாயாகில் துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் வாழைப்பழக் கன்டெய்னர்களில் சரக்கை ஒளித்து அனுப்புவது லாபமாக இருந்தது. மெக்சிகோ கும்பல்களின் பணம் வந்தது, சிறைகள் கும்பல்களின் தலைமையகம் ஆயின. மக்கள் அதே மக்கள்.

கலாச்சாரம் என்று ஒன்று அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவமானப்பட்டால் திருப்பி அடித்தே ஆக வேண்டும் என்ற மானப் பழக்கம் சில பகுதிகளில் வலுவாக இருக்கிறது, அமெரிக்கத் தென் மாநிலங்களைப் பற்றி இப்படி ஒரு வாதம் உண்டு. ஆனால் அந்தப் பழக்கமும் அரசும் நீதிமன்றமும் எட்டாத இடங்களில்தான் வேர்விட்டு வளர்கிறது.

வெளியிலிருந்து குடியேறுபவர்களால் குற்றம் பெருகுகிறதா?

நாட்டுக்கு நாடு வேறு பதில். அமெரிக்காவில் குடியேறியவர்கள் அங்கேயே பிறந்தவர்களை விடக் குறைவாகவே கைதாகிறார்கள், சிறைக்கும் குறைவாகவே போகிறார்கள், இது பலமுறை பார்க்கப்பட்டுவிட்டது. ஐரோப்பாவில் பல நாடுகளின் பதிவுகளில் வெளிநாட்டில் பிறந்தவர்களின் பங்கு மக்கள்தொகையில் அவர்கள் பங்கை விட அதிகம். வயது, ஆண் பெண் விகிதம், வருமானம் ஆகியவற்றைச் சமன்படுத்திப் பார்த்தால் இடைவெளி சுருங்கும், முழுக்க மறையாது. இரண்டு தரப்பும் தனக்குப் பிடித்த கண்டத்தை மட்டும் காட்டி வாதாடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வயதுக்கு என்ன சம்பந்தம்?

நிறைய. எந்த நாட்டிலும் குற்றம் பதின்பருவத்தின் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உச்சம் தொட்டு அப்புறம் சரியும். செய்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கொல்லப்படுகிறவர்களிலும் 2021 உலகக் கணக்கில் 81 சதவீதம் ஆண்கள். ஆக, இளைஞர்கள் நிறைந்த ஊரையும் முதியவர்கள் நிறைந்த ஊரையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயம் இல்லை. ஜப்பானில் பதிவான குற்றங்கள் 2002இல் 28.5 லட்சம், 2021இல் 5.7 லட்சத்துக்குச் சற்றே குறைவு. நாடே மூப்படைந்தது அதில் ஒரு பங்கு மட்டும்தான், ஆனால் அந்தப் பங்கை விட்டுவிட்டுப் பேச முடியாது.

பெரிய நகரம் என்றாலே குற்றம் அதிகம்தானே?

பொதுவாக ஆமாம். ஆனால் டோக்கியோ உலகின் மிகப் பெரிய நகரப் பரப்புகளில் ஒன்று, பாதுகாப்பிலும் முன் வரிசையில் இருக்கிறது. அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு வருகிறது. லாரன்ஸ் ஷெர்மன் குழுவினர் 1989இல் மினியாபொலிஸ் நகரத்தில் போலீஸுக்கு வந்த அழைப்புகளை முகவரிவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். நகரத்தில் இருக்கும் முகவரிகளில் வெறும் 3 சதவீதத்திலிருந்து பாதி அழைப்புகள் வந்திருந்தன. அப்புறம் வேறு ஆய்வாளர்கள் சியாட்டில் நகரத்தில் தெருத்துண்டு (இரண்டு சந்திப்புகளுக்கு நடுவில் உள்ள தெருப்பகுதி) வாரியாகப் பதினான்கு வருடப் பதிவைப் பார்த்தார்கள், அங்கேயும் நாலைந்து சதவீதத் துண்டுகளில் பாதிக் குற்றம். வருடா வருடம் அதே துண்டுகள். "ஆபத்தான ஏரியா" என்று பெயரெடுத்த வட்டாரத்துக்குள்ளேயே பெரும்பாலான தெருக்களில் ஒன்றும் நடப்பதில்லை. ஒரு மதுக்கடை வாசல், ஒரு பேருந்து நிலையத்தின் பின்பக்கம், பூட்டிக்கிடக்கும் ஒரு கட்டடம், இப்படிச் சில புள்ளிகள்தான் முழு வட்டாரத்துக்கும் பெயரைக் கெடுக்கின்றன.

இதை ஒத்துக்கொண்டால் 'ஆபத்தான நகரம்' என்ற சொல்லே கொஞ்சம் அர்த்தம் இழக்கிறது. ஒரே நகரத்தின் இரண்டு தெருக்களுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசம் இரண்டு நகரங்களுக்கு நடுவில் இருப்பதை விடப் பெரிது.

அதே மாதிரி ஏழ்மை உள்ள இரண்டு வட்டாரங்களில் ஒன்று மட்டும் அமைதியாக இருப்பது ஏன்? சிகாகோவிலேயே 1990களில் 343 வட்டாரங்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ராபர்ட் சாம்ப்சன் குழுவினர் கேட்டார்கள்: பள்ளிக்குப் போகாமல் பையன்கள் தெருமுனையில் நின்றால் அக்கம்பக்கத்தினர் கேட்பார்களா? சுவரில் கிறுக்கினால்? பெரியவரிடம் மரியாதை இல்லாமல் பேசினால்? "கேட்பார்கள்" என்று அதிகம் பேர் சொன்ன வட்டாரங்களில், வருமானத்தைச் சமன்படுத்திப் பார்த்தாலும், வன்முறை குறைவாக இருந்தது. அடிக்கடி வீடு மாறும் இடத்தில் யார் பையன் என்றே தெரியாது, யார் போய்க் கேட்பார்கள்?

குற்றவாளிகள் எண்ணிக்கை ஏறாமலேயே குற்றம் ஏற முடியுமா?

முடியும். லாரன்ஸ் கோஹனும் மார்கஸ் ஃபெல்சனும் 1979இல் சொன்னது இது. செய்ய நினைக்கும் ஒருவன், கைக்கு வாகான ஒரு பொருள் அல்லது ஆள், பார்த்துக்கொள்ள யாரும் இல்லாத நேரம், மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் குற்றம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க வீடுகள் பகலில் காலியாகக் கிடந்தன, தூக்க முடியாத கனத்தில் இருந்த மின்சாதனங்கள் கையடக்கமாகச் சுருங்கின. திருடர்களின் மனசு கெட்டுப்போகாமலேயே திருட்டு பெருகியது.

இதற்கு இதைவிட நல்ல உதாரணம் மேற்கு ஜெர்மனியில் உண்டு. 1980இல் அங்கே ஹெல்மெட் போடாமல் பைக் ஓட்டினால் அந்த இடத்திலேயே அபராதம் என்று ஆக்கினார்கள். நோக்கம் உயிரைக் காப்பது. ஆனால் அடுத்த சில வருடங்களில் பைக் திருட்டு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது! போகிற போக்கில் ஒரு பைக்கைப் பார்த்து ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டு போகிறவன் கையில் ஹெல்மெட்டோடா அலைவான்? ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் முதல் சந்திப்பிலேயே மாட்டிக்கொள்வான். கார்களிலும் இதே மாதிரி: 1998இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுக் கார்களில் சாவி இல்லாமல் எஞ்சின் ஓடாதபடி செய்யும் மின்னணுப் பூட்டு கட்டாயமானது, அப்புறம் கார் திருட்டு பல நாடுகளில் பாதாளத்துக்கு இறங்கியது.

ஒரு வழியை அடைத்தால் திருடன் அடுத்த வழிக்குப் போக மாட்டானா?

கொஞ்சம் பேர் போவார்கள். எல்லாரும் போவதில்லை. அந்த ஜெர்மன் உதாரணத்தில் கார் திருட்டோ சைக்கிள் திருட்டோ பைக்கில் குறைந்ததை ஈடுகட்டும் அளவுக்கு ஏறவில்லை. நிறையக் குற்றம் சோம்பேறித்தனமானது, சுலபமாகக் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

போலீஸைக் கூட்டி, தண்டனையைக் கடுமையாக்கினால் சரியாகிவிடாதா?

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. போலீஸ் கண்ணில் படும்படி நிற்பது வேலை செய்கிறது. புவேனோஸ் அயர்ஸில் 1994 ஜூலையில் யூத மையம் ஒன்று குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு 85 பேர் இறந்தார்கள். அதன் பிறகு நகரம் முழுக்க யூத நிறுவனங்களின் வாசலில் இரவும் பகலும் போலீஸ் நிறுத்தப்பட்டது. அந்தத் தெருத்துண்டுகளில் கார் திருட்டு சுமார் 75 சதவீதம் குறைந்தது. இரண்டு துண்டு தள்ளிப் பார்த்தால் எந்த மாற்றமும் இல்லை. ஆக, போலீஸின் பலன் அவர் நிற்கும் இடத்தோடு முடிகிறது, எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் கேள்வி.

தண்டனையின் நீளம் வேறு விஷயம். மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான் தடுக்கும், தண்டனையின் கொடூரம் அல்ல என்று இத்தாலியின் செசாரே பெக்காரியா 1764இலேயே எழுதிவிட்டார், அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கின்றன.

நியூயார்க் பற்றி எல்லாரும் கேட்பார்கள். 1990இல் அங்கே 2,245 கொலைகள், 2017இல் 292. இதற்குப் பாராட்டு வாங்க வரிசையில் நிற்பவர்கள் அதிகம். தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சோதனை போட்டதுதான் காரணம் என்று ஒரு தரப்பு பல வருடம் அடித்துச் சொன்னது. அப்படிச் சோதிக்கப்பட்டவர்கள் 2011இல் 6,85,000க்கும் மேல், பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். 2013இல் நீதிமன்றம் இது செயல்படுத்தப்பட்ட விதம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது, 2017இல் எண் 12,000க்கும் கீழே வந்துவிட்டது. குற்றம் ஏறவில்லை, தொடர்ந்து இறங்கியது.

எல் சால்வடோரையும் கேட்பீர்கள். 2015இல் கொலை விகிதம் லட்சத்துக்கு 100ஐத் தாண்டிய நாடு. 2022 மார்ச்சில் நெருக்கடி நிலை அறிவித்து 70,000க்கும் அதிகமானவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள், அரசுக் கணக்குப்படி 2023இல் விகிதம் 2.4. தெருக்கள் நிஜமாகவே மாறின, அங்கே வாழ்கிறவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள், அதை மறுப்பது நேர்மை இல்லை. விகிதம் 2015க்குப் பிறகு, நெருக்கடி நிலைக்கு முன்பே, வெகுவாகச் சரிந்துகொண்டிருந்தது என்பதும் உண்மை. விசாரணை இல்லாமல் உள்ளே கிடக்கும் அப்பாவிகள் எந்தக் குற்றப் பட்டியலிலும் ஏற மாட்டார்கள் என்பதும் உண்மை.

துப்பாக்கி?

குற்றத்தின் எண்ணிக்கையை விட அதன் முடிவைத் துப்பாக்கி மாற்றுகிறது. 2004–05இல் நடந்த சர்வதேசக் கணக்கெடுப்பில் வீடு புகுந்து திருடுவது அமெரிக்காவை விட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதிகமாக இருந்தது. கொலையிலோ அமெரிக்கா பல மடங்கு மேலே. 2021இல் அங்கே நடந்த கொலைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு துப்பாக்கியால் நடந்தவை. கைகலப்பு எங்கும் நடக்கும், அதில் எத்தனை சவப்பெட்டியில் முடிகிறது என்பதில்தான் வித்தியாசம்.

எண் குறைந்தால் ஊர் நல்லபடியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எப்போதும் இல்லை. கொலை நடப்பது பெரும்பாலும் கும்பல்கள் போட்டி போடும்போது. ஒரே கும்பல் ஜெயித்து ஏரியாவைப் பிடித்துவிட்டால் அமைதி வந்துவிடும், ஒவ்வொரு கடைக்காரரும் மாமூல் கட்டிக்கொண்டிருப்பார், புகார் கொடுக்க ஆள் இருக்காது. கொலம்பியாவின் மெதெயின் நகரத்தில் 1991இல் விகிதம் லட்சத்துக்கு 380ஐ ஒட்டி இருந்தது. 2000களில் அது மளமளவென்று இறங்கியது. மலைச்சரிவுக் குடியிருப்புகளை நகரத்தோடு இணைத்த 2004ஆம் வருடத்துக் கேபிள் கார், நூலகங்கள், புதுப் பள்ளிகள் என்று உலகமே பாராட்டியது. அவை நிஜம்தான். ஆனால் டான் பெர்னா என்ற ஒரே தாதா நிழல் உலகத்தைத் தன் பிடியில் வைத்திருந்ததும் ஒரு காரணம். 2008இல் அவரை அமெரிக்காவிடம் கைதியாக ஒப்படைத்தார்கள், வாரிசுச் சண்டை வெடித்து 2009இல் கொலைகள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறின. கேபிள் கார் அப்படியே ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்தில் கொலை சரிந்ததிலும் சிறைக்குள் பிறந்த பிசிசி என்ற கும்பலின் ஏகபோகத்துக்குப் பங்குண்டு என்று பல ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள்.

வெயிலுக்கும் குற்றத்துக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. சூடான நாட்களில் அடிதடி அதிகம், சிகாகோ மாதிரி நகரங்களில் கோடையில் துப்பாக்கிச் சூடு ஏறுவது வாடிக்கை. ஆட்கள் வெளியே அதிகம் இருப்பதும் எரிச்சலும் சேர்ந்து வருவது. நகரத்துக்கு நகரம் உள்ள வித்தியாசத்தை இதை வைத்து விளக்க முடியாது, சிங்கப்பூரில் வருடம் முழுக்க வெயில்தான்.

கெட்ட பெயர் எடுத்த ஊர் நிஜமாகவே மாற முடியுமா?

கிளாஸ்கோவைப் பாருங்கள். 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் கொலைத் தலைநகரம் என்று பெயர். 2005இல் அங்கே போலீஸே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கி வன்முறையைத் தொற்றுநோய் மாதிரி அணுகியது: கத்திக்குத்து வாங்கி ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கும் பையனிடம் அந்த நேரத்திலேயே போய்ப் பேசுவது, கும்பலை விட்டு வருகிறவனுக்கு வேலை, வராதவனுக்குக் கடும் கண்காணிப்பு. அதற்குப் பிந்தைய வருடங்களில் ஸ்காட்லாந்து முழுவதுமே கொலைகள் பாதிக்கும் கீழே வந்தன. எல்லாம் அந்தப் பிரிவினால்தான் என்று நிரூபிக்க முடியாது, அதே காலத்தில் வேறு பல நாடுகளிலும் குற்றம் இறங்கியது.

நிரூபிக்க முடிந்தவை சின்னச் சின்ன வேலைகள். ஃபிலடெல்ஃபியாவில் குப்பை மண்டிக் கிடந்த 541 காலி மனைகளில் குலுக்கல் முறையில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துச் சுத்தம் செய்து புல் நட்டுக் கட்டை வேலி போட்டார்கள், ஏழை வட்டாரங்களில் அவற்றைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. நியூயார்க்கில் அரசுக் குடியிருப்புகளில் இதே மாதிரி குலுக்கலில் தேர்ந்தெடுத்துப் பலத்த விளக்குகளை வைத்தார்கள், இரவில் வெளியே நடக்கும் பெருங்குற்றங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

ஒரு புது ஊருக்குக் குடிபோகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

பட்டியலைப் பார்க்காதீர்கள், முக்கியமாக இணையத்தில் வருகிறவர் போகிறவர் "பயமாக இருக்கிறதா?" என்ற கேள்விக்குச் சொன்ன பதிலை வைத்துப் போட்ட பட்டியலை. கொலைக்கு ஐந்து வருடச் சராசரி, திருட்டுக்கு வீடு வீடாகக் கேட்ட கணக்கெடுப்பு இருந்தால் அது. அந்த ஊர் போலீஸ் தெருவாரியாக வரைபடம் வெளியிட்டால் உங்கள் தெருவையும் நீங்கள் தினம் நடந்து போகும் வழியையும் மட்டும் பாருங்கள், ஊரின் மொத்த எண்ணை விட்டுவிடுங்கள். அப்புறம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை நேரில் போய் நடந்து பாருங்கள்: விளக்கு எரிகிறதா, யாராவது வெளியே உட்கார்ந்திருக்கிறார்களா, "யாரைத் தேடுகிறீர்கள்?" என்று யாராவது உங்களைக் கேட்கிறார்களா.